வேதியியலில் ‘வேதம்’ எங்கே வந்தது? தனிமம், கனிமப் பெயர்களின் பூர்வகதை

நீலத்தாள்:

அறிவியல் மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. போன வாரம் ஒரு பையன் கேட்டான்: “வேதியியல்னு சொல்றீங்களே, அதுல வேதம் எங்க இருக்கு?” இருபது வருஷமாக எழுதிவரும் சொல். ஒரு நாளும் யோசித்ததில்லை. அசடு வழிந்துவிட்டு அகராதியை எடுத்தேன்.

வேதத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ‘வேதித்தல்’ என்று ஒரு வினை இருக்கிறது. ஒன்றை வேறொன்றாக மாற்றுதல், குறிப்பாகத் தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்குதல். அந்த வித்தைக்கு ‘வேதை’ என்று பெயர். வடமொழி ரசவாத நூல்களில் இதே சொல்லின் மூலம் துளைத்தலைக் குறிக்கும். பக்குவம் செய்த பாதரசம் உலோகத்தைத் துளைத்து உள்ளே புகுந்து அதைப் பொன்னாக்கிவிடும் என்று நம்பினார்கள். ஆக, வேதியியல் என்று நாம் எழுதும்போதெல்லாம் பொன்னாக்கும் வித்தை என்றுதான் எழுதுகிறோம்.

கெமிஸ்ட்ரியும் இதே குடும்பம்தான். அரபு அல்-கீமியா, அதற்கு முன் கிரேக்கம். அதற்கும் பின்னால் போனால் சண்டை. எகிப்தின் பழைய பெயரான ‘கெம்’, அதாவது கருமண் நாடு, என்பார் ஒரு சாரார். உலோகத்தை உருக்கி வார்ப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் என்பார் மறு சாரார்.

இப்படி உங்களுக்குத் தெரிந்த பெயர்க்கதைகள் இருந்தால் எழுதுங்கள்.

ஒட்சிசன்:

நல்ல இழை. நாங்கள் இலங்கைப் பாடநூலில் படித்தவர்கள், எங்களுக்கு அது வேதியியல் இல்லை, இரசாயனவியல். இரசாயனம் என்பது முதலில் மூப்பும் பிணியும் வராமல் காக்கும் மருந்து. ரசவாதிகளுக்கு இரண்டு கனவு இருந்தது: பொன் செய்வது, சாகாமல் இருப்பது. பொன்னை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், மருந்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம். நியாயமான பாகப்பிரிவினைதான்.

பழம்பெருமை:

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? உலகத்துக்கே பெயர் வைத்தவர்கள் நாம்தான். சல்பர் எங்கிருந்து வந்தது? செம்புக்கு வடமொழியில் சுல்வம் என்று ஒரு பெயர். அரி என்றால் பகை. செம்பைக் கெடுப்பதால் கந்தகத்துக்குச் சுல்வாரி. அதுதான் சல்பர் ஆனது. பழைய பாடப்புத்தகங்களிலேயே போட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு தன் பெயர் போட்டுக்கொண்டான்.

நீலத்தாள்:

ஐயா, சுல்வாரி என்ற சொல் இருப்பது உண்மை. கந்தகம் செம்பைக் கருக்கச் செய்வதும் உண்மை. ஆனால் லத்தீன்காரர்கள் பழைய காலத்தில் எழுதியது ‘சுல்புர்’. நடுவில் இருப்பது ப. சுல்வாரியின் வ எப்படி ப ஆனது, இந்தச் சொல் எந்த வழியாக, எந்த மொழி கைமாறி ரோமுக்குப் போனது என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒரு சொல் பயணம் செய்தது என்றால் வழியில் இறங்கிய ஊர்களிலெல்லாம் அதன் செருப்புத் தடம் இருக்கவேண்டும். போராக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பாரசீகத்தில் பூரா, அரபில் பூரக், இடைக்கால லத்தீனில் போராக்ஸ், அதிலிருந்து போரான். ஒவ்வொரு படியும் கண்ணில் படுகிறது. அதே பொருளை ஐரோப்பிய வணிகர்கள் ‘டிங்கல்’ என்றும் அழைத்தார்கள். அது வடமொழி டங்கணம், பாரசீகம் வழியாகப் போனது. நம் வெங்காரம் மட்டும் எங்கும் போகாமல் இங்கேயே இருந்துவிட்டது.

கல்பொறுக்கி:

பழம்பெருமை ஐயா, பெருமைப்பட வேறு நல்ல சரக்கு இருக்கும்போது சல்பரை ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள்? கொரண்டம் இருக்கிறதே! அது அச்சு அசலாக நம் குருந்தம். தெலுங்கில் குருவிந்தம், வடமொழியில் குருவிந்தம் என்றால் மாணிக்கம். கடினமான பொருள்களைத் தேய்க்கவும் மெருகு போடவும் தென்னிந்தியாவில் பயன்பட்ட கல் என்று ஐரோப்பாவுக்குப் போனது. 1798-ல் சார்லஸ் கிரெவில் ராயல் சொசைட்டி இதழில் இதைப் பற்றி எழுதினார். இன்றைக்கு உலகத்தில் எந்தக் கனிமவியல் நூலைத் திறந்தாலும் கனிமங்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் 9-வது இடத்தில் இந்தச் சொல்தான் உட்கார்ந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால் மாணிக்கமும் நீலமும் ஒரே குருந்தம்தான். இரண்டும் அலுமினியம் ஆக்சைடு. துளி குரோமியம் கலந்தால் சிவப்பு, துளி இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். நிறத்தைப் பார்த்து இரண்டு பெயர் வைத்தோம். உள்ளே ஒன்று என்பது பிறகு தெரிந்தது. மாணிக்கத்துக்கு இருந்த குருவிந்தம் என்ற பெயரே மொத்தக் குடும்பத்துக்கும் பெயராகப் போய் நின்றது தற்செயல், ஆனாலும் நன்றாக இருக்கிறது.

இன்னொன்று, வைடூரியம். பாலியில் வேளுரியம், கிரேக்கத்தில் பெரில்லோஸ், ஆங்கிலத்தில் பெரில். அதிலிருந்து பெரிலியம் என்ற தனிமம். வேர் திராவிடமா என்பதில் அறிஞர்களுக்குள் வாதம் உண்டு, இந்தியாவிலிருந்து போனது என்பதில் வாதம் இல்லை. தெளிந்த பெரில் கல்லை லென்ஸாகத் தேய்த்ததால் ஜெர்மானியர்கள் மூக்குக்கண்ணாடியை இன்றும் ‘ப்ரில்லெ’ என்கிறார்கள். அவர்கள் மூக்கின்மேல் உட்கார்ந்திருப்பது நம் வைடூரியம்.

பழம்பெருமை:

பார்த்தீர்களா! நான் சொன்னதுதானே!

கல்பொறுக்கி:

அவசரப்படாதீர்கள். எதிர்த்திசையிலும் வண்டி ஓடியிருக்கிறது. நாம் உள்ளூர்ச் சொல் என்று நினைக்கும் மரகதம், கிரேக்க ஸ்மராக்தோஸ் வழியாக வந்தது. அதன் வேர் செமிட்டிக் மொழிகளில் மின்னுதலைக் குறிக்கும் சொல். பாரசீகத்தில் அதுவே ஸுமுர்ருத். கொடுத்ததும் உண்டு, வாங்கியதும் உண்டு.

அப்புறம், இப்போது நாம் வைடூரியம் என்று சொல்வது பூனைக்கண் கல்லை. அது பெரிலே இல்லை, கிரைசோபெரில் என்ற வேறு கனிமம். பெயர் ஐரோப்பா போனபோது ஒரு கல், இங்கே தங்கியபோது வேறொரு கல். பளிங்கும் அப்படித்தான். மணிமேகலையில் உதயகுமரனுக்குப் பயந்து அவள் ஒளிந்துகொள்வது பளிக்கறையில். வெளியே நின்ற இளவரசனுக்கு உள்ளே இருப்பவளின் உருவம் தெரிகிறது, ஆனால் வாசல் தெரியவில்லை. சலவைக்கல் சுவராக இருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. அந்தப் பளிங்கு ஸ்படிகம். இன்றைக்குப் பளிங்குத் தரை என்றால் மார்பிள்.

புதுமாணவி:

இடையில் ஒரு கேள்வி கேட்கலாமா? அமிலம் என்றால் புளிப்பு, சரி. காரம் ஏன் காரமாக இல்லை? வகுப்பில் கேட்டேன், எல்லாரும் சிரித்தார்கள், பதில் மட்டும் வரவில்லை.

நீலத்தாள்:

சிரித்தவர்களுக்குத் தெரிந்திருக்காது அம்மா. நல்ல கேள்விதான்.

அமிலத்தில் உலகமே ஒரே கட்சி. வடமொழி அம்லம், லத்தீன் ஆசிடுஸ், ஜெர்மன் ஸாய்ரெ, ரஷ்ய மொழியில் கிஸ்லதா, எல்லாமே புளிப்பைச் சொல்கின்றன. நாக்குதான் முதல் ஆய்வுக்கூடம். தமிழில் இன்னொரு பெயரும் இருந்தது, திராவகம். கரைப்பது, இளக்குவது என்று பொருள். கந்தகத் திராவகம் என்று எழுதிய காலத்தில் சுவையை விட்டுவிட்டுச் செயலைப் பிடித்திருந்தார்கள். எனக்கு அது பிடிக்கும். சல்பூரிக் அமிலத்தை யார் நாக்கில் வைத்துப் பார்ப்பது?

காரம் வடமொழி க்ஷாரத்திலிருந்து வந்தது. அரிக்கும் தன்மையுள்ள உப்பு, முக்கியமாகச் சாம்பலைக் கரைத்து வடித்து எடுப்பது. தமிழில் நாக்கை எரிக்கும் உறைப்புக்கும் அதே பெயரை வைத்துவிட்டோம். தோல் எரிந்தாலும் நாக்கு எரிந்தாலும் எரிச்சல் எரிச்சல்தான் என்று நினைத்திருப்பார்கள். சோதனைக்குழாயில் இருக்கும் காரம் கசக்கும், விரலில் பட்டால் வழவழ என்றிருக்கும். வழவழப்பு ஏன் என்றால், அது உன் தோலில் இருக்கும் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டிருக்கிறது. சுவைத்துப் பார்த்துவிடாதே.

உலைமூக்கு:

சாம்பலைத் தொட்டுவிட்டீர்கள், நான் சும்மா இருக்க முடியாது.

ஆல்கலி என்பது அரபு அல்-கலி. உப்பு மண்ணில், கடலோரத்தில் வளரும் செடிகளை எரித்த சாம்பல். பொட்டாசியம் என்பது டச்சுக்காரரின் ‘பொட்டாஷ்’, பானைச் சாம்பல். மரச்சாம்பலைத் தண்ணீரில் கரைத்து வடித்து, அந்த நீரைப் பானையில் காய்ச்சி எடுத்த உப்பு. 1807-ல் ஹம்ஃப்ரி டேவி அதிலிருந்து உலோகத்தைப் பிரித்தபோது பொட்டாசியம் என்று பெயர் வைத்தார். நம் விவசாயிகள் அதைச் சாம்பல்சத்து என்கிறார்கள். மூன்று மொழி, மூன்று இடம், மூன்றிலும் சாம்பல்.

இதில் ஒரு கூத்து. பொட்டாசியத்தின் குறியீடு ‘கே’, கேலியம் என்ற பெயரின் முதல் எழுத்து, அந்த அல்-கலியிலிருந்து வந்தது. ஆனால் கடலோரச் செடிச் சாம்பலில் அதிகம் இருப்பது சோடியம்! உள்நாட்டு மரச்சாம்பலில்தான் பொட்டாசியம். சாம்பல் இரண்டும் ஒன்று என்று நினைத்த காலத்துப் பெயர், வேறு வேறு என்று தெரிந்த பிறகு தவறான பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சோடியத்துக்கு எகிப்தின் நேட்ரான் என்ற உப்பிலிருந்து நேட்ரியம் என்ற பெயர் கிடைத்தது.

ஒட்சிசன்:

தவறான பிள்ளை என்றதும் என் பெயரே நினைவுக்கு வருகிறது. ஒட்சிசன், ஆக்சிஜன் எல்லாம் கிரேக்கத்தில் ‘அமிலத்தை உண்டாக்குவது’. அமிலம் எல்லாவற்றிலும் இந்த வாயு இருக்கிறது என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே முடிவு கட்டிவிட்டார். ஐதரோகுளோரிக் அமிலத்தில் அது துளியும் இல்லை. குளோரின் ஒரு தனிமம், அதில் ஒட்சிசன் ஒளிந்திருக்கவில்லை என்று டேவி 1810-ல் நிறுவினார். அதற்குள் பெயர் ஊர் சுற்றிவிட்டது.

கிரேக்கச் சொல்லை அப்படியே வாங்கியவர்கள் தப்பித்தார்கள், பிழை உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அக்கறையாக மொழிபெயர்த்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஜெர்மனில் ஸவர்ஷ்டொஃப், ரஷ்யனில் கிஸ்லரோத், ஜப்பானியத்தில் சன்சோ, மூன்றுமே புளிப்பை வெளிப்படையாகச் சொல்கின்றன. சீனர்கள் மட்டும் வேறு வழி போனார்கள். ஊட்டி வளர்க்கும் வாயு என்றார்கள். நம் பிராணவாயுவும் உயிர்வளியும் அதன் பக்கத்து வீடு.

பழம்பெருமை:

அப்படியானால் தனித்தமிழ்ப் பெயர்தான் சரி என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்! உயிர்வளி, நீர்வளி என்று எழுதவேண்டியதுதானே, எதற்கு ஆக்சிஜனும் ஒட்சிசனும்?

நீலத்தாள்:

உயிர்வளி அழகுதான், நானும் கட்டுரைகளில் எழுதுவேன். ஆனால் ஆக்சிஜனேற்றம் என்று வரும்போது என்ன செய்வது? இரும்பு துருப்பிடிப்பதை உயிர்வளியேற்றம் என்று எழுதினால் இரும்புக்கு உயிர் வந்ததுபோல் இருக்கிறது. அதிலும் ஆக்சிஜன் வாடையே இல்லாமல், குளோரின் சோடியத்திடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்குவதற்கும் அதே பெயர்தான். பெயரில் பொருள் தெரியத் தெரிய, அந்தப் பொருள் ஒரு நாள் காலை வாரும். பொருள் தெரியாத சொல் ஒருவகையில் பத்திரம்.

இது என் கருத்து. கலைச்சொல் சண்டையாக இதை மாற்றவேண்டாம், அதற்குத் தனி இழை எத்தனையோ இருக்கிறது.

உலைமூக்கு:

பொருள் தெரிந்த சொல்லும் காலை வாரும் என்பதற்கு என் சொந்த அனுபவம். பூட்டுப் பராமரிப்பு பற்றி ஒரு பத்திரிகைக்கு எழுதினேன். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும், சாவித் துவாரத்தில் கொஞ்சம் காரீயப் பொடி தூவுங்கள் என்று. அச்சில் வந்தது: ‘ஈயப் பொடி தூவுங்கள்’. திருத்தியவர் காரீயம் என்றால் ஈயம்தானே என்று எளிமைப்படுத்திவிட்டார்! நான் சொன்னது கிராபைட்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. காரீயம் என்ற சொல்லுக்கே இரண்டு பொருளும் உண்டு. இலங்கைத் தமிழில் இன்றும் கிராபைட்டுக்குக் காரீயம் என்றுதான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

ஒட்சிசன்:

ஓம், காரீயச் சுரங்கம் என்றால் எங்களுக்குப் பென்சிற்கரிதான். துத்தநாகமும் எங்களுக்கு வெறும் நாகம்.

உலைமூக்கு:

இப்போது அந்தக் காரீயத்தையே கொஞ்சம் கிண்டுவோம். எனக்கு இந்த இழையிலேயே பிடித்த இடம் இதுதான்.

நமக்கு ஈயம் இரண்டு: கறுப்பாக இருப்பது காரீயம், வெளுப்பாக இருப்பது வெள்ளீயம். இன்றைய கணக்கில் லெட், டின். இரண்டும் வேறு வேறு தனிமம், ஒரே பொருளின் இரண்டு நிறம் அல்ல. ரோமானியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பிளம்பம் நிக்ரம், பிளம்பம் ஆல்பம். கறுப்பு ஈயம், வெள்ளை ஈயம். எழுத்துக்கு எழுத்து நம்முடையதே. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதற்குத் தடயம் கிடையாது. இரண்டும் மெத்தென்று இருக்கும், இரண்டும் சீக்கிரம் உருகும். டின் 232 டிகிரி, லெட் 327 டிகிரி. சாதாரண அடுப்புச் சூட்டிலேயே கரண்டியில் உருகி ஓடும். உலைக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு இரண்டும் உடன்பிறப்பாகத்தான் தெரியும், அவன் எந்தத் தேசத்தானாக இருந்தாலும்.

கறுப்பு ஈயத்தில் குழாய் செய்தார்கள், அந்த வேலை செய்பவர் பிளம்பர். அந்தச் சொல் நம் வீட்டுக்கும் வந்துவிட்டது, ஈயக் குழாய் போய் எத்தனையோ காலம் ஆன பிறகும்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. காகிதத்தில் தேய்த்தால் ஈயம் கறுப்பாகக் கோடு போடும். கிராபைட்டும் போடும். ஆகவே ஐரோப்பாவில் கிராபைட்டுக்குப் பிளம்பேகோ, ஈயம் மாதிரி ஒன்று, என்று பெயர். நாம் அதையே காரீயம் என்றோம். மாலிப்டினைட் என்று மூன்றாவதாக ஒரு கனிமம், அதுவும் கோடு போடும், அதையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். கிரேக்கத்தில் ஈயத்துக்கு மாலிப்டோஸ். 1778-ல் ஷீலே என்ற வேதியியலாளர் மாலிப்டினைட்டைச் சோதித்து, இது வேறு சரக்கு என்றார். மறு வருஷம் கிராபைட்டைச் சோதித்து, இது ஒருவகைக் கரி என்றார். 1789-ல் வெர்னர் என்ற கனிமவியலாளர் ‘எழுதும் கல்’ என்ற பொருளில் கிராபைட் என்று பெயர் வைத்தார். மாலிப்டினைட்டிலிருந்து எடுத்த உலோகம் மாலிப்டினம். பெயர் முழுக்க ஈயம், உள்ளே ஈயம் துளியும் கிடையாது.

ஷீலே பிரித்து வைத்து இருநூறு வருஷத்துக்குமேல் ஆகிறது. நம் காரீயம் இன்னும் பிரியவில்லை, என் கட்டுரைதான் சாட்சி.

புதுமாணவி:

உலைமூக்கு அண்ணா, பென்சிலில் ஈயம் இருக்கிறது, நக்கினால் விஷம் என்று சின்ன வயதில் பயமுறுத்தினார்கள். அது இதனால்தானா!

உலைமூக்கு:

இதனாலேதான். எல்லா மொழிக் குழந்தைகளையும் இப்படியே மிரட்டியிருக்கிறார்கள்.

கல்பொறுக்கி:

தனித்தனியாக ஒரே மாதிரி யோசித்ததற்கு என்னிடம் இரண்டு மாதிரி இருக்கிறது, அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலாவது மைக்கா. கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் கொடுத்து நெம்பினால் ஏடு ஏடாக உரியும். ஒரு ஏட்டை எடுத்து அதையும் உரிக்கலாம், நகம்தான் தோற்கும், மைக்கா தோற்காது. வெளிச்சத்தில் பொன் தகடு மாதிரி மின்னும். வடமொழியில் அப்பிரகம், மேகம். ஆனால் தமிழில் அதற்கு இன்னொரு பெயர் காக்காய்ப்பொன். அற்பத்துக்குக் காக்காயைச் சேர்ப்பது நம் பழக்கம். ஜெர்மானியர்கள் இதையே கட்சன்கோல்ட் என்கிறார்கள், பூனைப்பொன்! பொன் என்று நம்பி ஏமாந்தவன் எரிச்சலில் பக்கத்தில் இருந்த பிராணியின் தலையில் கட்டிவிட்டான் போல.

இரண்டாவது கல்நார், ஆஸ்பெஸ்டாஸ். கல், ஆனால் பஞ்சுபோல் நார் நாராகப் பிரியும். சீனத்தில் கற்பஞ்சு. கிரேக்கர்கள் மட்டும் தோற்றத்தை விட்டு நெருப்பைப் பிடித்துக்கொண்டார்கள், ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அணையாதது. பார்க்க ஆசையாக இருந்தாலும் இதை உரித்துப் பார்க்காதீர்கள், தூள் நுரையீரலுக்கு எமன். என்னுடையது மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் இருக்கிறது.

பழம்பெருமை:

காந்தத்தை விட்டுவிட்டீர்களே. அயஸ்காந்தம், இரும்பின் காதலன். இரும்பை இழுப்பதைக் காதலாகப் பார்த்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரனும் காந்தத்தை எமான் என்கிறான், அதற்குக் காதலிப்பது என்றே பொருள். இதாவது நம்மிடமிருந்து போனதா இல்லையா?

நீலத்தாள்:

நல்ல உதாரணம், ஆனால் பிரெஞ்சு விஷயத்தில் வழுக்கிவிட்டது. அந்த எமான் காதலிலிருந்து வரவில்லை. அடமாஸ், வெல்ல முடியாதது, என்ற கிரேக்கச் சொல் தேய்ந்தது. வைரத்தைக் குறிக்கும் டயமண்டும் அதே வயிற்றுப் பிள்ளை. தேய்ந்து தேய்ந்து, காதலிப்பதைக் குறிக்கும் இன்னொரு சொல்லின் உருவத்தில் வந்து நின்றுவிட்டது. உருவ ஒற்றுமையை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

காதல் வேண்டுமென்றால் சீனத்துக்குப் போங்கள். காந்தத்துக்கு அவர்களுடைய பழைய எழுத்து அன்புக்கல். பெற்றவர் பிள்ளைமேல் வைக்கும் அன்பைக் குறிக்கும் எழுத்து அது. வடமொழிக்காரர் கண்ணுக்குக் காதலன், சீனர் கண்ணுக்குத் தாய். இழுத்ததை என்னவோ இரண்டு பேருமே அன்பு என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

கல்பொறுக்கி:

விஷங்கள் பக்கம் யாரும் போகவில்லையே. பாஷாணம் என்றால் வடமொழியில் வெறும் கல். தமிழில் கேட்டவுடன் உடம்பு பதறும். சித்த மருத்துவத்தில் பாஷாணங்கள் 64, இயற்கையில் கிடைப்பவை 32, செய்யப்படுபவை 32 என்பது கணக்கு. அவற்றில் கொடியவை ஆர்சனிக் சரக்குகள், அதனால் கல் என்ற சொல்லுக்கே விஷம் ஏறிவிட்டது.

ஆர்சனிக் பெயரில் விஷமே இல்லை, அதில் இருப்பது பொன். பாரசீகத்தில் சர் என்றால் பொன். பொன்னிறமான ஒரு கனிமத்துக்கு சர்னீக் என்று பெயர். கிரேக்கர் காதில் அது ஆர்செனிகோன் என்று விழுந்தது, அவர்கள் மொழியில் ‘ஆண்மையுள்ளது’ என்று ஒலிக்கும்படி. லத்தீன்காரர்கள் அதையே பொன்வண்ணம் என்று மொழிபெயர்த்து வைத்துக்கொண்டார்கள், அதுதான் ஆர்பிமென்ட். நம்மிடம் அந்தக் கனிமத்துக்குப் பெயர் அரிதாரம், வடமொழி ஹரிதாலம். மேடையில் முகத்தில் பூசும் மஞ்சள் வண்ணத்துக்கு அதைப் பயன்படுத்தி, இன்றைக்கு எந்த ஒப்பனைக்கும் அரிதாரம் என்றே சொல்கிறோம். ‘அரிதாரம் கலைந்தது’ என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஆர்சனிக் சல்பைடு என்று தெரியும்?

நீலத்தாள்:

ஒப்பனை என்றதும் மை. கண்ணுக்கு இடும் கறுப்புப் பொடிக்கு அரபில் குஹ்ல், முன்னால் அல் சேர்த்தால் அல்-குஹ்ல். ஒரு கல்லை இழைத்து இழைத்து மாவாக்கி அதைச் செய்வார்கள். ஐரோப்பிய ரசவாதிகள் இதை எடுத்துக்கொண்டு, நைசாக இழைத்த எந்தப் பொடிக்கும் ஆல்கஹால் என்றார்கள். பிறகு பொடி போய், ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த நுட்பமான சாரத்துக்கெல்லாம் அந்தப் பெயர் வந்தது. 16-ம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் திராட்சை மதுவின் சாரத்தை ‘மதுவின் ஆல்கஹால்’ என்று எழுதினார். முன்னால் இருந்த மது உதிர்ந்து ஆல்கஹால் மட்டும் மிஞ்சியது. கண்மையிலிருந்து சாராயம் வரை ஒரு தடவை கூட யாரும் பெரிதாகத் தாவவில்லை, ஒவ்வொரு அடியும் சின்ன அடிதான். திரும்பிப் பார்த்தால்தான் தலை சுற்றுகிறது. குடிக்காமலே.

புதுமாணவி:

நவச்சாரம்? ஒன்பது சாரமா?

உலைமூக்கு:

இல்லை தங்கச்சி, ஒன்பதும் இல்லை பத்தும் இல்லை. பாரசீகத்தில் நூஷாதிர், ரஷ்யனில் நஷாதிர் என்று அதே சொல் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் காதில் நவ என்று விழுந்ததும் ஒன்பதாகக் கேட்கிறது. துளி நவச்சாரத்தையும் துளி சுண்ணாம்பையும் சேர்த்துத் தேய்த்தால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வரும். அந்த அம்மோனியா எகிப்தியக் கடவுள் அமூனின் பெயர். லிபியப் பாலைவனத்தில் அவர் கோயில் இருந்த பக்கத்திலிருந்து வந்த உப்பு என்று ‘சால் அம்மோனியாக்’, அதிலிருந்து 1782-ல் பெர்க்மன் வாயுவுக்கு அம்மோனியா என்றார்.

ஒட்சிசன்:

அம்மோனியாவில் இருக்கும் நைதரசனையும் சொல்லிவிடுங்கள். லவாசியே அதற்கு வைத்த பெயர் அசோட், உயிரற்றது. அதற்குள் அடைத்த எலி செத்துப்போகும், தீபம் அணையும். பிரெஞ்சிலும் ரஷ்யனிலும் இன்றும் அதே பெயர்தான். ஜெர்மானியர்களும் ஜப்பானியர்களும் மூச்சுத்திணற வைப்பது என்றார்கள். வெடியுப்பில் இருப்பதால் நைட்ரஜன் என்று 1790-ல் ஷப்டால் மாற்றி வைத்தார். கொலைகாரப் பட்டம், இல்லாவிட்டால் வெடிமருந்துப் பட்டம்.

தமிழில் வயலில் நிற்பவர் அதைத் தழைச்சத்து என்கிறார். பயிரில் இலை தழைப்பது அதனால்தான். பொசுபரசு மணிச்சத்து, மணி பிடிக்க உதவுவது. ஆய்வுக்கூடத்தில் எலியை அடைத்துப் பார்த்தவருக்கு உயிரற்றது. இலையைப் பார்த்தவருக்குத் தழை. புரதம் முழுக்க அந்த ‘உயிரற்றது’தான் இருக்கிறது என்பதை நினைத்தால், யார் சரியாகப் பெயர் வைத்தார்கள் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிடுவேன்.

பழம்பெருமை:

இதற்கு மட்டும் நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. நன்றி.

நீலத்தாள்:

அந்தப் பையனை நேற்று மறுபடி பார்த்தேன். வேதித்தல் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப யாராவது பாதரசத்தைப் பொன்னாக்கினாங்களா?” என்றான்.

ஆக்கியிருக்கிறார்கள். 1941-ல் ஹார்வர்டில் பாதரசத்தின்மேல் நியூட்ரான்களை மோதவிட்டுப் பொன் அணுக்களைப் பெற்றார்கள். ஆனால் அது கதிரியக்கப் பொன், நிலைக்காது. அதில் ஒரு வகைக்கு அரை ஆயுள் மூன்று நாள் கூட இல்லை. சிதைந்து முடிந்ததும் மிஞ்சுவது மறுபடியும் பாதரசம். செய்தவர்களும் வேதியியல்காரர்கள் இல்லை, இயற்பியல்காரர்கள். இதைச் சொன்னதும் பையன், “அப்ப பேரை அவங்களுக்குக் குடுத்துரலாமே” என்றுவிட்டுப் போய்விட்டான்.